பட்டாசாலை ஆத்தங்குடிக் கல்லை கிராஸ் ஸ்டிச்சில் கொண்டுவர முடியுமா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

வணக்கம். மூன்று வருடமாக கிராஸ் ஸ்டிச் (துணியின் கட்டத்தை எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடும் தையல்) போடுகிறேன். இதுவரை முடித்ததெல்லாம் கிட் வாங்கிப் போட்டவை. இரண்டு கிளி, ஒரு கலங்கரை விளக்கம், பனி மூடிய மர வீடு ஒன்று. அந்தப் பனி வீட்டுக்குச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டினேன். அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள். "யார் வீடு இது?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒரே எண்ணம். எங்கள் வீட்டுப் பட்டாசாலைத் தரையில், அதாவது கூடத்தில், பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லையே (கையால் செய்த பூப்போட்ட தரைக்கல்) தைத்துவிட வேண்டும். 10 அங்குலக் கல். அரக்குச் சிவப்புத் தரை, மஞ்சளும் வெள்ளையுமாக இதழ், ஓரத்தில் கறுப்பு. போட்டோ எடுத்து, கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்த்தேன். இதழ் வளைகிற இடமெல்லாம் படிக்கட்டாகிறது. பூ வரைந்தேன், சைக்கிள் பல்சக்கரம் வந்தது. துணி 14 கவுண்ட் ஐடா (கட்டம் கட்டமாக நெய்த தையல் துணி), வெள்ளை. ஆங்கர் நூல், இரண்டு இழை. எங்கே தப்பு?

கட்டம்போட்டவன் (காரைக்குடி):

அக்கா, கையால் எதற்கு வரைகிறீர்கள்? படத்தைக் கொடுத்தால் சார்ட்டாக (தைப்பதற்கான கட்டப் படம்) மாற்றித் தரும் மென்பொருள் எத்தனையோ இருக்கிறது. எத்தனை கட்டம், எந்த எண் நூல் என்று அதுவே சொல்லிவிடும். 2 நிமிட வேலை.

ஊசிநூல் (கோட்டையூர்):

2 நிமிட வேலைதான் தம்பி. தைத்து முடிக்க 2 வருடம். போட்டோவில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருக்கும், கால் பட்டு மங்கிய இடம் இருக்கும், மேசை நிழல் இருக்கும். மென்பொருளுக்கு அது ஒவ்வொன்றும் தனி நிறம். ஒரே சிவப்பைப் பத்துச் சிவப்பாக்கி, பொரி இறைத்த மாதிரி அங்கொரு கட்டம் இங்கொரு கட்டமாகச் சிதற விட்டுவிடும். நூலை மாற்றி மாற்றியே கை ஓய்ந்துபோகும்.

ஆத்தங்குடிக்குப் போய் அந்தக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமென்டுக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மேலே உலர்ந்த சிமென்டும் மணலும், அதற்கு மேல் ஈரக் கலவை. சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுவதுதான். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்தப் பளபளப்பு. ஆக ஒரு கல்லில் இருப்பது நான்கைந்து நிறம்தான், நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே வெட்டினாற்போல் ஓரம். கிராஸ் ஸ்டிச்சுக்காகவே செய்தது மாதிரி. அதைப் போய் போட்டோவாக்கி 40 நிறமாக்குவானேன்?

படிக்கட்டு விழுவது உங்கள் தப்பில்லை அம்மா, கட்டத்தின் குணம். எத்தனை கட்டத்துக்குள் வரைந்தீர்கள்?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

36க்கு 36 டீச்சர். (நீங்கள் டீச்சர்தானே? எழுத்திலேயே தெரிகிறது.)

ஊசிநூல்:

தையல் டீச்சர்தான், ஓய்வு பெற்றாயிற்று. 36 போதாது. 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டம். கல்லின் அசல் அளவுக்கே போடுவதானால் 140க்கு 140, அதாவது 19,600 தையல். வளைவெல்லாம் அழகாக வரும். ஆனால் ஒரு நாளைக்கு 200 தையல் என்று வைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல். 8 மீட்டர் கண்டு ஒன்றில், இரண்டிழையாகப் போட்டால், வீணாவது போகச் சுமார் 1,800 தையல் வரும். 11 கண்டு வாங்க வேண்டும். அதற்கும் 36க்கும் நடுவே ஓர் அளவைப் பிடியுங்கள்.

இன்னொன்று. முழுக் கல்லையும் வரைய வேண்டாம். கால்வாசி வரைந்து நாலு பக்கமும் திருப்பினால் போதும். நடுப் பூவுக்கு ஒரு மையக் கட்டம் வேண்டும், அதனால் மொத்தம் ஒற்றைப்படையில் இருக்கட்டும். 71 நல்ல அளவு.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

டீச்சர், இப்போதுதான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கல்லில் இருப்பதே கால் பூதான்! நாலு கல் சேருகிற மூலையில்தான் பூ முழுசாகிறது. பிறந்ததிலிருந்து மிதித்து நடக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

தேவகோட்டை ஆச்சி:

அதற்குத்தான் கட்டம் எண்ணச் சொல்கிறது தங்கச்சி. சும்மா பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும், எண்ணினால்தான் எப்படி என்று தெரியும்.

அந்தப் பூவுக்கு ஒற்றைப்படை உதவாது. மையம் என்பது கல்லும் கல்லும் சேரும் கோடு. கோட்டின் மேல் தையல் உட்காராது, கோடு இரண்டு கட்டத்துக்கு நடுவில்தான் வரும். ஆகவே ஒரு கல்லுக்கு 50, நாலு கல்லுக்கு 100க்கு 100. மொத்தம் 10,000 தையல், 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. சுற்றிலும் 3 அங்குலம் விட்டு 14 அங்குலத் துணி வெட்டிக்கொள். பூப்போட்ட கல்லுக்கு இரட்டை, புள்ளி நடுவில் இருக்கிற கோலத்துக்கு ஒற்றை. டீச்சர் சொன்னது இரண்டாவதற்குச் சரி.

நான் கல்லைத் தைத்ததில்லை. கோலம் தைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிறோமே, நடுவீட்டுக் கோலம், எல்லாம் நேர்கோடும் சதுரமும். கிராஃப் பேப்பரில் ஒரு சாயங்காலத்தில் இறக்கிவிட்டேன், ஒரு வளைவு இல்லை, ஒரு சண்டை இல்லை. அதே ஆசையில் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி என்று ஒரு தாமரைக் கோலத்தை எடுத்தேன். நாலு நாள் மல்லுக்கட்டியும் சரியாக வரவில்லை. பிறகுதான் உறைத்தது. இடைப்புள்ளியில் ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இடுக்கில் விழும். அது ஆறு பக்கத்துக் கணக்கு. ஐடாவோ நாலு பக்கம். தாமரை நெட்டையாகவோ குட்டையாகவோதான் வரும். நேர்ப்புள்ளிக் கோலமாகப் பார்த்து எடுத்தால் தொல்லை இல்லை.

தார்வாட்தமிழ்:

சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? கிராஸ் ஸ்டிச் என்பதே வெள்ளைக்காரர் கைவேலை. நம் பக்கத்தில் எண்ணிப் போடும் தையல்கள் எத்தனை இருக்கின்றன! நீலகிரியில் தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடே கிடைத்தது. இங்கே தார்வாடில் கசூதி. துணியில் பென்சில்கூடப் படக்கூடாது, முடிச்சும் கூடாது. கவந்தி போட்டால் முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும்.

ஊசிநூல்:

கசூதியில் நாலு தையல். கவந்தி, முர்கி, நேகி, மெந்தே. அந்த மெந்தே என்னவென்று சொல்லிவிட்டுப் போங்கள் பார்ப்போம்.

தார்வாட்தமிழ்:

கிராஸ் ஸ்டிச்தான். மாட்டிக்கொண்டேன். 😄

சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். கவந்தி என்பது போகும்போது ஒன்று விட்டு ஒன்று ஓட்டுத் தையல், திரும்பும்போது விட்ட இடத்தை நிரப்புவது. இதழைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட பேக் ஸ்டிச்சுக்குப் பதில் அதைப் போடுங்கள். பின்பக்கம் குப்பையாகாது.

புதுவயல் புதுசு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். மேட்டித் துணியில் (இதுவும் கட்டம் தெரிகிற துணிதான்) ஒரு வாத்து. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஆனால் வெளிச்சத்தில் பார்த்தால் இறக்கையில் ஒரு பாதி மின்னுகிறது, மறு பாதி மங்கலாக இருக்கிறது. ஒரே கண்டு நூல்தான்.

ஊசிநூல்:

மேலே விழும் கால் ஒரே பக்கம் சாயவில்லை. முதல் கால் / என்று போட்டால் மேல் கால் \ என்றுதான் எப்போதும் வர வேண்டும். வரிசையாக அரைத் தையலாகப் போய்த் திரும்பி வரும்போது குறுக்கே போடுவது ஒரு முறை, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போவது இன்னொரு முறை. எதுவானாலும் சரி, மேல் கால் மாறக்கூடாது.

உங்களுக்கு எப்படி மாறியது என்றும் சொல்கிறேன். இறக்கை கைக்கு எட்டவில்லை என்று துணி மாட்டிய வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருப்பீர்கள். தலைகீழாகத் திருப்பினால் சாய்வு மாறாது. கால் சுற்றுத் திருப்பினால் மாறிவிடும். துணியின் மேல் ஓரத்தில் வேறு நிற நூலில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். என் மாணவிகளுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

புதுவயல் புதுசு:

பக்கவாட்டில்தான் திருப்பினேன்! கூடவே இருந்து பார்த்த மாதிரிச் சொல்கிறீர்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

ஆச்சி, 100க்கு 100 முடிவு செய்துவிட்டேன். ஒரு கல்லுக்கு 50 கட்டம். மூலைக்கு மூலை கோடு கிழித்துப் பாதியை மட்டும் வரைந்தால் 1,275 கட்டம்தான் வருகிறது. மீதியெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கவிழ்த்துக்கொள்ளலாம் இல்லையா?

கட்டம்போட்டவன்:

அக்கா, பொறுங்கள். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழுக்குக் கீழே ஒரு கொடி சுருண்டு போகிறது. அது ஒரு பக்கம்தான் போகிறது, மறு பக்கம் இல்லை. கவிழ்த்தால் இரண்டு பக்கமும் கொடி வந்துவிடும்.

நாலு கல்லையும்கூடக் கவிழ்க்காதீர்கள். கொத்தனார் கல்லைச் சுற்றித்தான் போட முடியும், முகத்தைக் கவிழ்த்துப் போட முடியாது. எல்லாம் ஒரே அச்சில் வந்தவை. ஆகவே சார்ட்டிலும் ஒரு கல்லை முழுசாக, 2,500 கட்டமும் வரைந்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மூன்று நகல் எடுங்கள். கொடி நாலும் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி வரும்.

ஊசிநூல்:

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. மென்பொருளைத் திட்டியதை வாபஸ் வாங்கவில்லை, உன்னைத் திட்டியதை வாங்கிக்கொள்கிறேன்.

இனி வளைவுக்கு வருகிறேன். 50 கட்டத்தில் படிக்கட்டு இருக்கத்தான் செய்யும். இரண்டு வழி. ஒன்று முக்கால் தையல். ஒரு முழுக் கால், அதன் மேல் மூலையிலிருந்து கட்டத்தின் நடு வரைக்கும் அரைக் கால். ஐடாவில் கட்டத்துக்கு நடுவே துளை கிடையாது, மொட்டை ஊசியால் குத்தினால் துணி பிசிறும். கூர் ஊசி ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இது பிடித்துப்போனால் அடுத்த முறை 28 கவுண்ட் துணி வாங்கி இரண்டிரண்டு இழையாக எண்ணிப் போடுங்கள். 14 கவுண்ட் அளவுதான் வரும், நடுவில் துளையும் கிடைக்கும்.

இரண்டாவது வழி, தார்வாட் சொன்ன கோடு. அது கட்டத்தின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் மேலே என்று நீட்டி இழுங்கள். கண் அந்தக் கோட்டைத்தான் பார்க்கும், அடியில் இருக்கும் படிக்கட்டைப் பார்க்காது. ஒற்றை இழை. எல்லாக் கிராஸும் முடிந்த பிறகு கடைசியில்.

பினாங்குப் பேத்தி:

ஐயா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம், பூர்வீகம் ராயவரம். இங்கே பெரனாக்கன் பெண்கள் மணி வைத்துச் செருப்பு செய்வார்கள், கசுட் மானெக் என்று பெயர். கட்டம் போட்ட படத்தைப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மணி. நான் அதைப் படித்துவிட்டுத்தான் கிராஸ் ஸ்டிச்சுக்கு வந்தேன். பள்ளத்தூர் அக்கா, கொடியின் நுனியில் ஒரு சின்ன வெள்ளை மணி வைத்துப் பாருங்கள். மணியை அரைத் தையலால் பிடித்தால் போதும்.

தேவகோட்டை ஆச்சி:

மணி நம் ஊருக்கும் புதிதில்லை பேத்தி. கொட்டானுக்கு (ஓலைக்கூடை) மணி வேலைப்பாடு செய்த ஆச்சிமார்கள் இருந்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிதானமாகத் தேடினால் சட்டம் போட்ட கைவேலைப் படம் எப்போதாவது கண்ணில் படும். நான் அங்கே போவது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் பாடம் இருக்கிறது. எங்கே நூல் தீர்ந்தது, எங்கே தாண்டினார்கள், எங்கே எண்ணிக்கை தப்பிச் சமாளித்தார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

புதுவயல் புதுசு:

இன்னொரு கேள்வி. கண்டாங்கிச் சேலையின் முந்தானையில் போட முடியுமா? கட்டம்தான் ஏற்கனவே இருக்கிறதே!

ஊசிநூல்:

எல்லோருக்கும் வரும் ஆசை. கண்டாங்கிக் கட்டம் கிராஸ் ஸ்டிச்சுக்கு ரொம்பப் பெரிது, பாவும் ஊடையும் ஒரே நெருக்கம் என்றும் சொல்ல முடியாது. சதுரம் நீள்சதுரமாகிவிடும். அதற்கென்றே வேஸ்ட் கேன்வாஸ் இருக்கிறது. சேலையின் மேல் அதை வைத்து ஓட்டுத் தையலில் பிடித்துக்கொண்டு, அதன் கட்டத்தை எண்ணித் தைக்க வேண்டும். முடித்ததும் ஈரப்படுத்தி, கேன்வாஸ் இழைகளை ஒவ்வொன்றாக உருவினால் தையல் மட்டும் சேலையில் நிற்கும். கூர் ஊசிதான். கேன்வாஸ் இழையைக் குத்திவிடாதீர்கள், உருவ வராது. முந்தானை முழுக்க வேண்டாம், மூலையில் ஒரு சின்ன அன்னம் போதும். அரக்குக் கண்டாங்கியில் கடுகு மஞ்சள் நூல், வேறெதுவும் வேண்டாம்.

சாயம் போகுமா என்று முதலில் பாருங்கள். நான் ஒரு முறை மலிவு நூலில் சிவப்புக் கரை போட்டு, நனைத்துவிட்டு அப்படியே காயப்போட்டேன். வெள்ளைத் துணி முழுக்க ரோஜா நிறம். சாயம் கசிந்தால் காய விடக்கூடாது. தெளிந்த தண்ணீர் வரும்வரை பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடத்தில் இருந்தது குடிக்க வைத்த சம்பை ஊற்றுத் தண்ணீர். அதைப் போய்த் துணிக்கு ஊற்றுவாளா என்று மாமியார் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

சிக்ரி ஓய்வு:

எனக்குத் தையல் தெரியாது, வீட்டில் போடுகிறார்கள், நான் படிக்கிறேன். துரு பற்றி மட்டும் பேச எனக்கு உரிமை உண்டு, வாழ்நாள் வேலையே அதுதான். ஊசியைத் துணியில் குத்தியே வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. மேல்பூச்சு தேய்ந்த ஊசியில் அது பட்டால், நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பழுப்புப் புள்ளி விழ அதிக நாள் ஆகாது. வளையத்தின் திருகும் அப்படித்தான். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கறை விழுந்தால் எலுமிச்சையும் உப்பும் வெள்ளைத் துணியில் வேலை செய்யும், ஆனால் நூலின் சாயத்தையும் ஒரு கை பார்த்துவிடும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

தையல் ஆரம்பித்தாயிற்று. அரக்கு நூலை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிட்டேன், அடுத்த முறை வாங்கும்போது சாயம் ஒரு மாற்றுக் கம்மியாக இருந்தால் தெரிந்துவிடுமே. முதல் கல் 13 நாளில் முடிந்தது. ஓரத்துக்கு வெறும் கிராஸ் சலிப்பாக இருக்கிறது. புதிதாக ஏதாவது தையல் சொல்லுங்களேன்.

ஊசிநூல்:

கேட்டீர்களே, இதற்குத்தான் காத்திருந்தேன். நீள்கால் கிராஸ் போடுங்கள். ஒரு கால் வழக்கம்போல ஒரு கட்டம், மறு கால் இரண்டு கட்டம் தாண்டி. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறிக்கொண்டே போகும், பின்னிய சடை மாதிரி தடிப்பாக வரும். கல்லின் கறுப்பு ஓரத்துக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை.

நாலு மூலைக்கும் இரட்டைக் கிராஸ். ஒரு பெருக்கல் குறி, அதன் மேல் ஒரு கூட்டல் குறி, இரண்டு கட்ட அகலத்தில். குட்டி நட்சத்திரம். அப்புறம் அரிசித் தையல் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு கட்டத்துக்கு ஒரு பெரிய கிராஸ் போட்டு, அதன் நாலு கைகளையும் வேறு நிறத்தில் குறுக்காக ஒவ்வொரு சின்னத் தையலால் கட்டுவது. தனியாக ஒரு துண்டுத் துணியில் நாலைந்து போட்டுப் பாருங்கள். சரியாக வரும்வரை நல்ல துணியைத் தொட வேண்டாம்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

முடிந்தது! இரண்டு மாதம் ஆனது. ஓரத்துக்கு நீள்கால், மூலைக்கு நட்சத்திரம், கொடி நுனியில் பினாங்குத் தங்கச்சி சொன்ன மணி. துவைத்து, தடிமனான துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போட்டு, அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை யார் வீடு என்று கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நாலாவது கல்லில் கொடி எதிர்ப்பக்கம் போகிறதே" என்றார்கள்.

எண்ணிப் பார்த்தேன். போகிறது. கடைசி நகலைச் சுற்றுவதற்குப் பதிலாகக் கவிழ்த்திருக்கிறேன். இதழில் தெரியவில்லை, கொடியில் மட்டும்.

கட்டம்போட்டவன்:

அக்கா... சொன்னேன்.

தேவகோட்டை ஆச்சி:

விட்டுவிடு தங்கச்சி. இன்னும் ஐம்பது வருடம் கழித்து எவளாவது சட்டத்தைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஊசிநூல்:

விடவெல்லாம் கூடாது. கொடி மட்டும்தானே, மிஞ்சிப்போனால் 150 தையல். இப்போது இருக்கும் கொடியையும் பிரிக்க வேண்டும், அது இருக்க வேண்டிய இடத்தில் விழுந்திருக்கும் அரக்கையும் பிரிக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து நறுக்குங்கள், முன்பக்கத்திலிருந்து இழுக்காதீர்கள். பக்கத்துத் தையலின் வால் அவிழாமல் மூன்று நாலு தையலுக்கு அடியில் செருகிக்கொண்டே வாருங்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

பிரித்துக்கொண்டிருக்கிறேன் டீச்சர். அரக்கு நூலில் முக்கால் கண்டு மீதி இருக்கிறது, போதும். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.